டார்க்வேவ், சின்த் போஸ்ட்-பங்க்: புதிதாக வருவதைத் தேடிப்பிடிப்பது எப்படி

ஜாய் டிவிஷன் கேட்டாயிற்று, த க்யூரின் பழைய ஆல்பங்கள் எல்லாம் ஆயிற்று, மோல்சாட் டோமாவின் அந்த ஒரு பாட்டையும் ரீல்ஸில் காது புளிக்கக் கேட்டாயிற்று, சரி, அடுத்து என்ன என்று நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சோகம் கூடிய சின்தசைசர் இசையான டார்க்வேவிலும், சின்தசைசரை முன்னால் வைத்து வாசிக்கும் போஸ்ட்-பங்கிலும் வாராவாரம் புது ஆல்பங்கள் வந்துகொண்டே இருக்கின்றன, அதுவும் ஏதென்ஸ், மின்ஸ்க், டெக்சாஸ், ரெய்க்யவிக் என்று எங்கெங்கிருந்தோ. ஆனால் அவை தாமாக நம்மைத் தேடி வராது. விளம்பரத்துக்குப் பணம் கிடையாது. குழுவில் இரண்டு பேர் இருப்பார்கள், ஆல்பத்தை வெளியிடும் நிறுவனமான லேபிளில் இன்னும் இரண்டு மூன்று பேர், அவ்வளவுதான். ஸ்ட்ரீமிங் செயலியோ நீங்கள் ஏற்கெனவே கேட்ட ஐந்தாறு பெயர்களையே திருப்பித் திருப்பிக் கொடுக்கும். அதனால் யார் கேட்டாலும் நான் சொல்வது ஒன்றுதான்: பாட்டுப் பாட்டாகத் தேடாதீர்கள், அந்தப் பாட்டை வெளியிட்ட லேபிளைப் பிடியுங்கள். ஒரு நல்ல லேபிள் கிடைத்துவிட்டால் பத்துக் குழுக்கள் பின்னாலேயே வரும்.

அதை எப்படிச் செய்வது என்பதற்கு முன்னால் காதைப் பற்றிக் கொஞ்சம்.

காதைத் தயார் செய்வது

புது ஆல்பம் ஒன்று நன்றாக இருக்கிறதா, வெறும் நகலா என்று சொல்ல வேண்டுமென்றால் இந்த இசை எங்கிருந்து வந்தது என்று ஓரளவு தெரிந்திருக்க வேண்டும். முழு வரலாறெல்லாம் வேண்டாம், நாலைந்து ஆல்பம் போதும். ஜாய் டிவிஷனின் 'அன்நோன் பிளெஷர்ஸ்' (1979) முதலில். தயாரிப்பாளர் மார்ட்டின் ஹானெட் டிரம்ஸைப் பாகம் பாகமாகப் பிரித்துப் பதிவு செய்தார், ஒவ்வோர் அடியைச் சுற்றியும் வெற்றிடம் இருப்பதுபோல ஆக்கினார். இன்றைய ஆல்பங்களில் டிரம் தனியாக, குளிர்ச்சியாக, எங்கோ தூரத்தில் விழுவதுபோலக் கேட்கிறதே, அது அங்கிருந்து வந்தது. அதே குழுவின் பீட்டர் ஹூக் பேஸ் கிடாரை மேல் ஸ்வரங்களில் வாசித்தவர். அவரிடம் இருந்த ஆம்ப் சுமாரானது, கீழ் ஸ்வரம் வாசித்தால் மற்றவர்கள் போடும் சத்தத்தில் அவருக்கே கேட்காது, மேலே போனால்தான் கேட்டது. அப்படித் தொடங்கிய வழக்கம் கடைசியில் பாட்டின் மெட்டையே பேஸிடம் ஒப்படைத்துவிட்டது. இன்றைக்கும் இந்த வகைப் பாட்டில் நீங்கள் முணுமுணுப்பது பெரும்பாலும் பேஸ் வரியைத்தான், பாடகரின் வரியை அல்ல.

1980 மே மாதம் இயன் கர்ட்டிஸ் இறந்த பிறகு மீதிப் பேர் நியூ ஆர்டர் ஆனார்கள், 1983-இல் 'புளூ மண்டே' வந்தது, ஓபர்ஹைம் டிஎம்எக்ஸ் டிரம் மெஷினும் சீக்வென்சரும் சேர்ந்து அந்தச் சோகத்தை அப்படியே நடன அரங்குக்குக் கொண்டுபோயின. லீட்ஸில் சிஸ்டர்ஸ் ஆஃப் மெர்சி தங்கள் டிரம் மெஷினுக்கு டாக்டர் அவலான்ஷ் என்று பெயர் வைத்து அதையும் குழுவில் ஓர் ஆளாகவே கணக்கில் சேர்த்தார்கள். த க்யூரின் 'ஃபெய்த்' (1981), 'போர்னோகிராஃபி' (1982), நெதர்லாந்தின் கிளான் ஆஃப் சைமாக்ஸ் 1985-இல் 4ஏடி லேபிளில் போட்ட முதல் ஆல்பம், இவ்வளவையும் ஒரு வாரத்தில் கேட்டுவிடலாம். கேட்டுவிட்டால் புதுக் குழு ஒன்று எந்த இடத்தில் பெரியவர்களிடம் கடன் வாங்குகிறது, எந்த இடத்தில் சொந்தக் காலில் நிற்கிறது என்பது பிடிபடத் தொடங்கும்.

கேட்கும் முறையும் முக்கியம். போன் ஸ்பீக்கரில் இதைக் கேட்காதீர்கள், தயவுசெய்து. பேஸ் அதில் வரவே வராது, பேஸ் இல்லாவிட்டால் பாதிப் பாட்டு போயிற்று. சுமாரான விலையில் ஒரு ஹெட்ஃபோன் போதும். முதல் தடவை பேஸை மட்டும் பின்தொடருங்கள். இரண்டாவது தடவை டிரம் மெஷின்: பல்லவி வரும்போது ஏதாவது மாறுகிறதா, ஸ்னேர் அடியின் வால் நீள்கிறதா, நடுவில் ஓர் அடி விட்டுப்போகிறதா என்று கவனியுங்கள். அப்புறம் கிடாரும் சின்தும். கிடார் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல ஒரு மினுமினுப்புடன் கேட்கும், அது கோரஸ் பெடலின் வேலை. வரும் ஒலியை ஒரு பிரதி எடுத்து, அதை இம்மி தாமதமாக்கி, சுருதியையும் இம்மி ஆட்டி, மூலத்தோடு சேர்த்துவிடும். இரண்டு பேர் ஒரே வரியைச் சேர்ந்து பாடினால் குரல் கொஞ்சம் அகலமாகக் கேட்குமே, அந்த மாதிரி. சின்த் பக்கம் ரோலண்ட் ஜூனோ-60, ஜூனோ-106 போன்ற எண்பதுகளின் இயந்திரங்களிலும் இதே எஃபெக்ட் உள்ளேயே இருந்தது, அதனால்தான் கிடாரும் சின்தும் இந்த இசையில் ஒன்றோடொன்று கரைந்துபோய் எது எது என்று தெரியாமல் கேட்கின்றன.

குரலைக் கடைசியில் வையுங்கள். இந்த வகையில் குரலை வேண்டுமென்றேதான் ரிவெர்பில், அதாவது எதிரொலி போன்ற எஃபெக்டில், அமுக்கி வைக்கிறார்கள், வார்த்தை புரியவில்லையே என்று பதற வேண்டியதில்லை. த க்யூர் 16 வருடம் கழித்து 2024 நவம்பர் 1-ஆம் தேதி வெளியிட்ட 'சாங்ஸ் ஆஃப் எ லாஸ்ட் வேர்ல்ட்' ஆல்பத்தின் முதல் பாட்டில் ராபர்ட் ஸ்மித் வாயைத் திறக்கவே மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகும். அந்த மூன்று நிமிடத்தைத் தாண்டிக் குதிக்காமல் உட்கார்ந்து கேட்க முடிந்தால் நீங்கள் தயார்.

இன்னொரு விஷயம், வகைப் பெயர்களில் ரொம்ப மாட்டிக்கொள்ளாதீர்கள். கிடாரும் பேஸும் ஓங்கினால் போஸ்ட்-பங்க், சின்த் ஓங்கிச் சோகமும் கூடினால் டார்க்வேவ், பிரான்ஸ் பக்கத்து ஒல்லியான குளிர்ந்த வடிவம் கோல்ட்வேவ், இரண்டே இரண்டு மலிவு இயந்திரங்களை வைத்து வீட்டில் பண்ணியது மினிமல் வேவ், பெல்ஜியத்தின் ஃப்ரண்ட் 242 மாதிரி தசை முறுக்கோடு அடித்தால் ஈபிஎம் (எலெக்ட்ரானிக் பாடி மியூசிக்). தேடல் பெட்டியில் தட்டுவதற்கு இந்தப் பெயர்கள் உதவும். அதற்கு மேல் சண்டை போட ஒன்றுமில்லை.

எந்த லேபிள்கள், ஏன்

மோல்சாட் டோமாவின் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். பெலாரஸின் மின்ஸ்க் நகரத்து மூன்று பேர். அவர்களுடைய 'எதாழி' ஆல்பம் 2018-இல் ஜெர்மனியின் டெட்ரிட்டி என்ற சின்ன லேபிளில் வந்தது. யூடியூபில் ஒரு ரசிகர் சேனலில் முழு ஆல்பமும் ஏறி லட்சக்கணக்கில் பார்வைகள் போயின. 2020-இல் டிக்டாக்கில் 'சுத்னோ' பாட்டு பற்றிக்கொண்டது, அதே வருடம் நியூயார்க்கின் சேக்ரட் போன்ஸ் லேபிள் அவர்களை ஒப்பந்தம் செய்து பழைய இரண்டு ஆல்பங்களையும் மறுவெளியீடு செய்தது. உலகம் அவர்களைக் கண்டுபிடித்தது 2020-இல். டெட்ரிட்டியைப் பின்தொடர்ந்தவர்களுக்கோ அது 2018-லேயே கையில் இருந்தது. லேபிளைப் பிடியுங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

அந்த 'சுத்னோ' பாட்டை ரீல்ஸில் மட்டுமே கேட்டவர்கள் ஒருமுறை முழுதாகக் கேளுங்கள். அதன் வரிகள் போரிஸ் ரிழி என்ற ரஷ்யக் கவிஞருடையவை, யெகாடெரின்பர்க்கில் வாழ்ந்து 2001-இல் 26 வயதில் இறந்துபோனவர். கவிதை ஆஸ்பத்திரி அறையில் இருக்கும் பொருள்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போகிறது: கட்டிலுக்கடியில் வைக்கும் எனாமல் பாத்திரம், ஜன்னல், சின்ன மேசை, கட்டில். அப்புறம், வாழ்வது சிரமம், சாவது சுகம் என்கிறது. அதன் கீழே ஓடுவதோ ஆட்டம் போட வைக்கும் டிரம் மெஷின் தாளம். நோயாளி அறையும் நடன அரங்கும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. டார்க்வேவ் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் இந்தப் பாட்டைத்தான் போட்டுக் காட்டுவேன்.

சரி, பட்டியலுக்கு வருவோம். சேக்ரட் போன்ஸ் 2007-இல் தொடங்கியது. எல்லாமே டார்க்வேவ் என்று சொல்ல முடியாது, ஆனால் த சாஃப்ட் மூனின் கடைசி இரண்டு ஆல்பங்கள் அங்கேதான் வந்தன. லாஸ் ஏஞ்சலஸின் டைஸ் ரெக்கார்ட்ஸும் 2007-தான், இன்றைக்கு இந்த வகைக்கு ஒரே ஒரு லேபிள் சொல்லுங்கள் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். டிராப் மெஜஸ்டி, டெட்ராய்ட்டின் அடல்ட்., ஸீனோ அண்ட் ஓக்லாண்டர், 2024-இல் 'பர்ஃபார்மன்ஸ்' ஆல்பம் போட்ட டொராண்டோவின் டிரஸ்ட் என்று வரிசை நீளும். கனடாவின் ஆர்ட்டோஃபாக்ட் லேபிளில் வான்கூவர் குழு ஆக்டர்ஸ், ஐஸ்லாந்தின் கைலன் மிக்லா, சைபீரியாவின் நோவோசிபிர்ஸ்க்கிலிருந்து ப்ளோஹோ, ஆஸ்டினிலிருந்து அர்பன் ஹீட். ஏதென்ஸின் ஃபாப்ரிகா ரெக்கார்ட்ஸைத் தவறவே விடாதீர்கள், செலோஃபன் என்ற குழுவினரே நடத்தும் லேபிள் அது. லெபனான் ஹனோவரும் ஷி பாஸ்ட் அவேயும் அங்கிருந்துதான் உலகத்துக்கு வந்தார்கள். பொலோன்யாவின் அவான்ட்!, ஃபிலடெல்ஃபியாவின் மெட்ரோபொலிஸ், சாவோ பாவ்லோவின் வேவ் ரெக்கார்ட்ஸ் ஆகியவற்றையும் ஓரமாகக் குறித்து வையுங்கள்.

சில குழுக்கள் தாங்களே லேபிள் ஆகிவிடுகிறார்கள். பாய் ஹார்ஷர் இருவர் குழு, ஜே மேத்யூஸும் அகஸ்டஸ் மல்லரும், தங்கள் ஆல்பங்களை நியூட் கிளப் என்ற சொந்த லேபிளில் போடுகிறார்கள்; 2022-இல் 'த ரன்னர்' என்று ஒரு குறும் திகில் படத்தையே எடுத்து அதன் இசையை ஆல்பமாக வெளியிட்டார்கள். டெக்சாஸில் மெக்சிகோ எல்லையை ஒட்டிய பிரவுன்ஸ்வில்லின் ட்வின் ட்ரைப்ஸும் இருவர்தான். இப்படிப்பட்டவர்களை நேரடியாகவே பின்தொடர வேண்டும், வேறு வழியில்லை.

ஒரே நாளில் முப்பது லேபிள்களைப் பின்தொடர்ந்தால் ஒரே வாரத்தில் சலித்துப்போகும். ஐந்தில் தொடங்குங்கள்.

பேண்ட்கேம்ப்பைப் பயன்படுத்துவது

வேலை நடக்கும் இடம் பேண்ட்கேம்ப், குழுக்களும் லேபிள்களும் தங்கள் இசையை நேரடியாக விற்கும் இணையதளம். கணக்கு தொடங்குவது இலவசம். லேபிள் பக்கத்துக்குப் போய் ஃபாலோ அழுத்தினால் புது வெளியீடு வரும்போதெல்லாம் மின்னஞ்சல் வரும். அதற்கென்று தனி மின்னஞ்சல் முகவரி ஒன்று வைத்துக்கொண்டால் நல்லது, இல்லாவிட்டால் மின்சாரக் கட்டண அறிவிப்புகளுக்கு நடுவில் காணாமல் போய்விடும்.

பலரும் கவனிக்காத ஒன்று ஆல்பம் பக்கத்திலேயே இருக்கிறது. அட்டைப்படத்துக்கு அருகில் அந்த ஆல்பத்தை வாங்கியவர்களின் சின்னச் சின்னப் படங்கள் வரிசையாக இருக்கும், சிலர் இரண்டு வரி எழுதியும் வைத்திருப்பார்கள். உங்களுக்கு ரொம்பப் பிடித்த, அவ்வளவாக யாருக்கும் தெரியாத ஓர் ஆல்பத்தைத் திறந்து, அதில் நன்றாக எழுதியிருக்கும் ஒருவரின் படத்தை அழுத்துங்கள். அவர் இதுவரை வாங்கிய எல்லா ஆல்பங்களும் விரியும். முன்பின் தெரியாத ஒருவர், போலந்திலோ பெருவிலோ இருப்பவர், உங்கள் ரசனையோடு அப்படியே ஒத்துப்போகிறவர், பத்து வருடமாகக் காசு கொடுத்துச் சேர்த்த அலமாரி உங்கள் முன்னால் திறந்து கிடக்கிறது. எந்த அல்காரிதமும் இதன் அருகில்கூட வராது. அவரையும் ஃபாலோ செய்துகொள்ளலாம், அவர் அடுத்து எதை வாங்குகிறார் என்பது உங்களுக்குத் தெரியும்.

ஆல்பம் பக்கத்தின் கீழே இருக்கும் விவரங்களையும் படியுங்கள். யார் மிக்ஸ் செய்தது, யார் மாஸ்டர் செய்தது, எங்கே பதிவானது என்றிருக்கும். ஆக்டர்ஸின் பாடகர் ஜேசன் கார்பெட் வான்கூவரில் சொந்த ஸ்டுடியோ வைத்து மற்ற குழுக்களுக்கும் தயாரிப்பு வேலை பார்க்கிறார். ஆக்டர்ஸின் ஒலி பிடித்தால் அவர் பெயர் இருக்கும் வேறு ஆல்பங்களையும் தேடிப் போகலாம். இது சின்ன உலகம். ஒரே பத்துப் பதினைந்து பேரின் கை பல ஆல்பங்களில் இருக்கும்.

விலை பெரும்பாலும் 7 முதல் 10 டாலர், சில இடங்களில் நீங்கள் விரும்பும் விலை. வாங்கினால் எஃப்எல்ஏசி கோப்பாகவே இறக்கிக்கொள்ளலாம், ஒலித்தரம் எதுவும் குறையாது. பேண்ட்கேம்ப் டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதம் எடுத்துக்கொள்கிறது, ரெக்கார்டு, சட்டை போன்ற பொருள்களில் 10 சதவீதம். 2020 மார்ச் 20-இல் கோவிட் காலத்தில் தொடங்கிய பேண்ட்கேம்ப் ஃப்ரைடே நாள்களில் அந்தப் பங்கையும் விட்டுக்கொடுத்துவிடும். எல்லா மாதமும் வராது, முன்கூட்டியே தேதி அறிவிப்பார்கள். அமெரிக்கப் பசிபிக் நேரக் கணக்கு என்பதால் இந்தியாவில் வெள்ளி மதியம் 12:30-க்குத் தொடங்கிச் சனி மதியம் 12:30 வரை, அங்கே குளிர்கால நேரம் என்றால் ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். நான் மாதம் முழுக்க விஷ்லிஸ்டில் போட்டு வைத்து இந்த நாளில்தான் வாங்குவேன், லேபிள்களும் இந்த நாளைக் குறிவைத்துப் புதுசு வெளியிடுகிறார்கள்.

இந்திய வங்கி அட்டையில் பணம் போகவில்லை என்றால் பயப்படாதீர்கள். புது அட்டைகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை முதலில் அணைந்தே இருக்கும், வங்கிச் செயலிக்குள் போய் நீங்களே இயக்கி, ஓர் உச்சவரம்பும் வைத்துக்கொள்ளலாம்.

வினைல் ஆசை எல்லோருக்கும் உண்டு. இந்த லேபிள்கள் அழகழகாய் வண்ண வினைல்களைச் சில நூறு பிரதிகள் மட்டும் அச்சடித்து விற்கின்றன, பார்த்தாலே கை பரபரக்கும். ஆனால் அமெரிக்காவிலிருந்து ஒரு ரெக்கார்டை வரவழைக்கும் தபால் செலவு பல நேரம் ரெக்கார்டின் விலையைத் தொட்டுவிடும், சுங்கவரி தனி. ஐரோப்பாவிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் நண்பர் ஊருக்கு வரும்போது கொண்டுவரச் சொல்வது மேல். இல்லையா, அதே பணத்துக்கு ஐந்தாறு டிஜிட்டல் ஆல்பம் வாங்குங்கள்.

ஸ்ட்ரீமிங்கில் கேட்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை, நானும் கேட்கிறேன். ஆனால் 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு 12 மாதத்தில் குறைந்தது 1,000 முறை ஒலித்திருக்க வேண்டும், அதற்குக் கீழே என்றால் அந்தப் பாட்டுக்குப் பணமே கிடையாது. நாம் பேசிக்கொண்டிருக்கும் குழுக்களில் பாதிப் பேரின் பாதிப் பாட்டுகள் அந்தக் கோட்டுக்கு அருகில்தான் இருக்கும். அங்கே கேட்டுப் பார்த்து, பிடித்தால் இங்கே வாங்குவது நியாயமான வழி.

புதுசா, மறுவெளியீடா

மின்னஞ்சலில் புதுசு என்று வருவதில் கணிசமானவை பழசு. சான் ஃபிரான்சிஸ்கோவின் டார்க் என்ட்ரீஸ் (2009), நியூயார்க்கின் மினிமல் வேவ் (2005) இரண்டும் தொலைந்துபோன எண்பதுகளின் டேப்புகளைத் தோண்டியெடுத்து வெளியிட்டே பெயர் வாங்கிய லேபிள்கள். அவற்றையும் கட்டாயம் கேளுங்கள், இந்தப் புதையல் தோண்டல் இல்லாவிட்டால் இன்றைய புது அலையே வந்திருக்காது. எது எந்த வருடத்தது என்று தெரிந்து கேட்பதுதான் முக்கியம். சந்தேகம் வந்தால் டிஸ்காக்ஸ் இணையதளத்தில் தேடுங்கள், முதல் வெளியீட்டு வருடம், எத்தனை பதிப்பு, எல்லாம் இருக்கும். ஹாம்பர்க்கின் எக்ஸ்மால் டாய்ச்லாண்ட் குழு விஷயத்தில் இரண்டும் சேர்ந்தே நடந்தது: 2024-இல் சேக்ரட் போன்ஸ் அவர்களுடைய 1981, 1982 காலத்து முதல் சிங்கிள்களையும் மறுபடி கொண்டுவந்தது, பாடகி அன்யா ஹூவேயின் புத்தம் புதிய தனி ஆல்பம் 'கோட்ஸ்' என்பதையும் வெளியிட்டது. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள், நாற்பது வருட இடைவெளியில் ஒரு குரல் எப்படி மாறியிருக்கிறது, எதை விடவே இல்லை என்பது தெரியும்.

மொழி புரியாவிட்டால்

ஆங்கிலப் பாட்டு மட்டும்தான் கேட்பேன் என்று இருந்தால் இந்த வகையின் நல்ல பாதியை இழந்துவிடுவீர்கள். ஷி பாஸ்ட் அவே துருக்கியின் பூர்சாவில் தொடங்கிய குழு, 2012-இன் 'பெலிர்தி கெஜே' முதல் 2019-இன் 'திஸ்கோ அன்க்சியெதே' வரை பாடுவது துருக்கி மொழியில்தான், அதற்காக அவர்களுக்கு வெளிநாட்டு மேடைகள் ஒன்றும் குறையவில்லை. கைலன் மிக்லாவின் மூன்று பெண்கள் ஐஸ்லாந்து மொழியில் பாடுகிறார்கள், சில இடங்களில் கத்துகிறார்கள், அது ஒரு மந்திரவாதச் சடங்குக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். 2018-இல் லண்டன் மெல்ட்டவுன் விழாவுக்கு ராபர்ட் ஸ்மித்தே அவர்களைத் தேர்ந்தெடுத்து அழைத்தார். அவர்களுடைய 2021 ஆல்பத்தை இரவில் கேளுங்கள். மாட்ரிட்டின் டெப்ரெசியோன் சோனோரா ஸ்பானிஷ், ப்ளோஹோ ரஷ்யன். குரல் இங்கே இன்னொரு வாத்தியம், முதலில் அப்படிக் கேட்டுவிட்டு, பிடித்துப்போன பிறகு வரிகளின் அர்த்தத்தைத் தேடிப் படித்தால் பாட்டு இரண்டாம் முறை புதிதாகும்.

இங்கே ஒரு யோசனை. பெரியவர்கள் யாரைப் பரிந்துரைக்கிறார்கள், யாரைத் தங்கள் கச்சேரியில் முதலில் வாசிக்க விடுகிறார்கள் என்று கவனியுங்கள். விழாப் பட்டியல்களும் அப்படித்தான். ஜெர்மனியின் லைப்சிக் நகரில் 1992 முதல் நடக்கும் வேவ்-கோத்திக்-ட்ரெஃபன், சிகாகோவின் கோல்ட் வேவ்ஸ், பசடேனாவின் க்ரூயல் வேர்ல்ட், ஹேக் நகரத்தின் கிராவ்ஸோன். நாம் போக முடியாவிட்டால் என்ன, போஸ்டர் இணையத்தில் இருக்கிறது. மேலே பெரிய எழுத்தில் இருப்பவர்களை விடுங்கள். கீழே பொடி எழுத்தில் இருக்கும் பெயர்களை ஒவ்வொன்றாக எடுத்து ஒரு பாட்டு கேளுங்கள்.

எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது

வருவதெல்லாம் நன்றாக இருக்காது. தொண்டையை அடியில் இறக்கிப் பாடி, கறுப்புச் சட்டை போட்டு, கோரஸ் பெடலைத் திருகிவிட்டால் போதும் என்று நினைக்கும் குழுக்கள் ஏராளம். நான் முதலில் கேட்பது பேஸ் வரியை. பாட்டு முடிந்து ஐந்து நிமிடம் கழித்து அது மனதில் ஓடுகிறதா? ஓடாவிட்டால் பெரும்பாலும் நான் திரும்பிப் போவதில்லை. அப்புறம் பாட்டு நான்கு நிமிடத்தில் எங்காவது போகிறதா என்று பார்ப்பேன். முதல் இருபது நொடியில் இருந்த இடத்திலேயே கடைசி நொடியிலும் நின்றால் அது பின்னணிச் சத்தம். ஸ்ட்ரீமிங் பிளேலிஸ்டுகளில் இப்போது அந்த மாதிரிச் சத்தம் நிறைய ஏறுகிறது, முகம் இல்லை, ஊர் இல்லை, ஒரு கச்சேரி கிடையாது, மாதம் மூன்று ஆல்பம். அவற்றைத் தயங்காமல் தாண்டுங்கள்.

மூன்றாவது விஷயத்தை அளக்க முடியாது, ஆனால் எனக்கு அதுதான் பெரிது: பாடுகிறவருக்கு இதைப் பாடியே ஆக வேண்டியிருக்கிறதா? த சாஃப்ட் மூன் என்ற பெயரில் வாசித்த லூயிஸ் வாஸ்கெஸ் 2018-இன் 'கிரிமினல்' ஆல்பத்தில் சிறுவயதுக் கொடுமைகளையும் அது விட்டுப்போன குற்ற உணர்ச்சியையும் நேருக்கு நேர் எடுத்து வைத்தார். அதைக் கேட்டால் இது வேஷமில்லை என்று யாரும் சொல்லாமலே தெரியும். 2022-இல் 'எக்ஸிஸ்டர்' வந்தது. 2024 ஜனவரியில் அவர் இறந்துபோனார். அந்த ஐந்து ஆல்பங்களையும் 2010-இலிருந்து வரிசையாகக் கேளுங்கள், மற்ற புது ஆல்பங்களை எந்த அளவுகோலில் வைத்துப் பார்ப்பது என்பது அதில் கிடைக்கும்.

இது சோக இசை என்று ஒதுங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இதன் தாளம் நிமிடத்துக்கு 120-க்கு மேல் ஓடுவது சாதாரணம். ஆடுவதற்காகவே செய்யப்பட்டது. அறைக் கதவைச் சாத்திவிட்டுத் தனியாக ஆடினாலும் சரிதான்.

இந்த வெள்ளிக்கே தொடங்க

2015 ஜூலை முதல் உலகம் முழுக்கப் புது ஆல்பங்கள் வெள்ளிக்கிழமைதான் வருகின்றன, அதனால் வெள்ளி இரவு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். வந்த மின்னஞ்சல்களைத் திறந்து ஒவ்வோர் ஆல்பத்திலும் முதல் பாட்டையும் நடுவில் ஒரு பாட்டையும் கேளுங்கள், பிடித்ததை விஷ்லிஸ்டில் போடுங்கள். வாரத்துக்கு ஒரே ஓர் ஆல்பத்தை மட்டும் முழுதாக, குறைந்தது மூன்று முறை கேளுங்கள். அதற்கு மேல் ஆசைப்பட்டால் எதுவுமே மனதில் தங்காது.

எதில் தொடங்குவது என்று தெரியாவிட்டால் 2024-இல் வந்த மூன்றைச் சொல்கிறேன். மோல்சாட் டோமாவின் 'பெலாயா பொலோசா': மின்ஸ்கிலிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்குக் குடிபெயர்ந்த பிறகு வந்தது, பழைய மங்கலான டேப் சத்தம் போய் சின்த் துலக்கமாகியிருக்கிறது, பழைய ரசிகர்கள் சிலர் முகம் சுளித்தார்கள், எனக்கு இந்தத் துலக்கம் பிடித்திருக்கிறது. ட்வின் ட்ரைப்ஸின் 'பெண்டுலம்': இந்த வகைக்கே புதியவருக்குக் கொடுக்க இதைவிடச் சுலபமான வாசல் இல்லை, ஒவ்வொரு பாட்டிலும் முணுமுணுக்க ஒரு பேஸ் வரி உண்டு. அர்பன் ஹீட்டின் 'த டவர்': குரலை அமுக்காமல் நடுவில் நிறுத்திப் பாடும் குழு, வாயைத் திறந்து பாடினாலும் இருட்டு குறையாது என்பதற்கு இது சான்று. மூன்றையும் கேட்டுவிட்டு எது பிடித்ததோ அதன் பேண்ட்கேம்ப் பக்கத்துக்குப் போய், வாங்கியவர்களின் படங்களில் ஒன்றை அழுத்துங்கள்.